ஒலியின் வழி கண்ட ரேலி

கடலில் மூடுபனி இறங்கிவிட்டால் கலங்கரை விளக்கம் இருந்தும் இல்லாதது போலத்தான். விளக்கின் ஒளி சிறிது தொலைவிலேயே வெண்பனியில் கரைந்துவிடும். பாறை எங்கே, கரை எங்கே என்று அறியாமல் கப்பல் மெல்ல ஊர்ந்து வரும். வானொலித் தொடர்பும் ரேடாரும் இல்லாத 19ஆம் நூற்றாண்டில் அப்படி வந்த பல கப்பல்கள் பாறையில் மோதி உடைந்தன. ஒளியால் இயலாததை ஒலியால் செய்யலாம் என்று எண்ணிய மக்கள், கரையோரங்களில் மணி அடித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள், பின்னர் அழுத்தக் காற்றினால் அலறும் பெரிய சங்குகளை அமைத்தார்கள். அந்தச் சங்குகளின் வாயில் எக்காளம் போன்ற கூம்பு பொருத்தப்பட்டிருந்தது.

ஆயினும் ஒரு குறை தீரவில்லை. கூம்புக்கு நேர் எதிரே வரும் கப்பலில் சங்கொலி நன்றாகக் கேட்டது. அதே தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வரும் கப்பலிலோ அது மங்கலாகக் கேட்டது. சில வேளைகளில் கேட்கவே இல்லை. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாரால் முன்கூட்டியே சொல்ல முடியும்? கூம்பிலிருந்து வெளிவரும் ஒலி எந்த வழியில் செல்கிறது என்பது தெரியாதவரை இந்தக் குறைக்கு மருந்து இல்லை.

இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு, 1896ஆம் ஆண்டில் ஓர் அறிவியலாளரைத் தன் ஆலோசகராக அமர்த்தியது. அந்தக் கேள்விக்குரிய கணக்கை அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடித்திருந்தார். அவர்தாம் ரேலி பிரபு.

அவருடைய இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பத்துக்கு டெர்லிங் என்னும் ஊரில் பெரிய மாளிகையும் ஆயிரக்கணக்கான ஏக்கர் விளைநிலமும் இருந்தன. செல்வத்துக்குக் குறைவில்லை, உடல்நலத்துக்குத்தான் குறை. ஈட்டன், ஹாரோ என்னும் புகழ்பெற்ற இரு பள்ளிகளில் அடுத்தடுத்துச் சேர்ந்தும் நோயினால் இரண்டிலும் நீடிக்க முடியவில்லை. பிறகு டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் ஓர் ஆசிரியரிடம் தங்கிப் படித்தார். இளமையில் அவர் நெடுநாள் வாழ்வாரா என்று குடும்பத்தார் கவலைப்பட்டனர். அவரோ 76 வயதுவரை வாழ்ந்து, 400க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார்.

1861ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பிப்பதில் பெயர்பெற்ற எட்வர்ட் ரூத் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1865ஆம் ஆண்டு நடந்த கணிதத் தேர்வில் ஸ்ட்ரட் முதல் இடத்தைப் பெற்றார். பிரபு குடும்பத்து மூத்த மகன்கள் தேர்வு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி நிலத்தையும் அரசியலையும் பார்ப்பது அக்கால வழக்கம். ஆய்வுக்கூடத்தில் கை அழுக்காக வேலை செய்வது அவர்களுக்குப் பொருத்தமான தொழிலாக எண்ணப்படவில்லை. ஸ்ட்ரட் அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. 1868ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணம் முடிந்து திரும்பியதும் தமக்கு வேண்டிய ஆய்வுக் கருவிகளை வாங்கினார்.

அவர் ஒலியின் பக்கம் திரும்பியதற்கு ஒரு மொழிதான் காரணம். அறிவியலில் முன்னேற வேண்டுமானால் ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டான்கின் அவருக்கு அறிவுரை கூறினார். மொழியைக் கற்ற ஸ்ட்ரட்டின் கையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய ஒலி பற்றிய நூல் கிடைத்தது. வாய் குறுகிய குடுவையில் ஊதினால் ஏன் ஒரே சுருதியில் ஒலிக்கிறது என்பது போன்ற கேள்விகள் அவரைப் பற்றிக்கொண்டன. அவருடைய முதல் ஒலியியல் கட்டுரை அதைப் பற்றியதே.

1871ஆம் ஆண்டு அவர் ஈவ்லின் பால்ஃபரை மணந்தார். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதற்குச் சரியான விளக்கம் எழுதியதும் அதே ஆண்டில்தான். காற்றிலுள்ள மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்று அவர் காட்டினார். கடலின் நீலம் வானத்தின் நிழல் என்றும் பின்னாளில் அவர் கருதினார். அந்தக் கருத்து மட்டும் நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டு கப்பலில் செல்லும்போது, நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் வெளிச்சத்தை ஒரு சிறு பட்டகத்தால் நீக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது.

மணமான மறு ஆண்டே ஸ்ட்ரட்டைக் கடுமையான மூட்டுவாதக் காய்ச்சல் தாக்கியது. உயிர் பிழைத்தாலும் இங்கிலாந்தின் குளிரை அவருடைய உடல் தாங்கும் நிலையில் இல்லை. மனைவியும் மனைவியின் தமக்கை எலினாரும் உடன்வர, அவர் எகிப்து சென்று நைல் நதியில் ஒரு படகு வீட்டில் தங்கினார். அங்கே நூலகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. கரையில் பேரீச்ச மரங்களும் ஓயாமல் ஓடும் நீரும்தான். அந்தப் படகில்தான் ஒலியியல் கோட்பாடு என்னும் தம் பெருநூலை அவர் எழுதத் தொடங்கினார். உடல் தேறும்வரை ஓய்வெடுக்கச் சென்றவர் செய்த வேலை அது.

1873ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். மகன் மூன்றாம் ரேலி பிரபு ஆனார். நிலமும் குத்தகையும் கணக்கு வழக்கும் அவர் தலையில் விழுந்தன. மூன்று ஆண்டுகள் சுமந்து பார்த்துவிட்டு, 1876இல் பண்ணைப் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அதன்பின் நூல் விரைந்து வளர்ந்தது. முதல் தொகுதி 1877ஆம் ஆண்டும் இரண்டாம் தொகுதி 1878ஆம் ஆண்டும் வெளிவந்தன.

ஒரு திறப்பிலிருந்து ஒலி எப்படி வெளியே பரவுகிறது என்னும் கணக்கு இரண்டாம் தொகுதியில் உள்ளது. அதன் அடிப்படை எளிது. ஒரு பெரிய சுவரில் வட்டமான தகடு ஒன்று பதிக்கப்பட்டு, அது முன்னும் பின்னும் அதிர்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டை ரேலி மனத்தளவில் மிகச் சிறிய துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் குளத்தில் விழுந்த கல்லைப் போலத் தனக்கென ஓர் அலையை எழுப்புகிறது. எதிரே ஓர் இடத்தில் நிற்பவரின் காதுக்கு எல்லாத் துண்டுகளின் அலைகளும் வந்து சேர்கின்றன. அவற்றைக் கூட்டினால் அந்த இடத்தில் ஒலி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

கூட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அலைக்கு மேடும் பள்ளமும் உண்டு. நேர் எதிரே நிற்பவருக்கு எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கும். எனவே மேட்டோடு மேடு சேர்ந்து ஒலி வலுக்கும். பக்கவாட்டில் நிற்பவருக்கோ தகட்டின் ஒரு விளிம்பு அருகிலும் மறு விளிம்பு தொலைவிலும் இருக்கும். ஒன்றின் மேட்டோடு மற்றொன்றின் பள்ளம் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒலி தேயும்.

இந்த அழிவு நிகழுமா என்பதை அலைநீளம் முடிவு செய்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 3,400 முறை அதிரும் உயர்ந்த ஒலியின் அலைநீளமோ வெறும் 10 சென்டிமீட்டர். திறப்பு அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 3.4 மீட்டர் அலைக்கு அந்த அரை மீட்டர் ஒரு பொருட்டே அன்று. அது எல்லாத் திசைகளிலும் பரவும். 10 சென்டிமீட்டர் அலைக்கோ அது பெரிய வாசல்; அந்த அலை டார்ச் விளக்கின் கதிர்போல நேராகவே செல்லும். பள்ளித் திடலில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் நேர் எதிரே நின்றால் அறிவிப்பின் ஒவ்வொரு சொல்லும் கூர்மையாகக் கேட்கும். பக்கத்தில் போய் நின்றால் குரல் கேட்கும்; ஆனால் சொற்கள் மழுங்கிவிடும். சகர ஒலி போன்ற உயர்ந்த ஒலிகள் பக்கவாட்டுக்கு வராமல் நேரே போய்விடுவதே அதற்குக் காரணம்.

ஒலியைக் கேட்பவரின் பக்கத்தையும் ரேலி மறக்கவில்லை. பனியில் சங்கொலி கேட்டால் மட்டும் போதாது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் மாலுமிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? டெர்லிங் மாளிகையின் புல்வெளியில் அவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் நின்றவர்கள் இசைக்கவைகளை ஒலிக்கச் செய்தார்கள். வலமா இடமா என்பதை அவரால் உடனே சொல்ல முடிந்தது. முன்னா பின்னா என்பதில்தான் தவறினார். நம் இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் விதத்தில் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது என்னும் முடிவை, அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1907ஆம் ஆண்டு விரிவாக எழுதினார்.

இதற்கிடையே 1879ஆம் ஆண்டு, மாக்ஸ்வெல் மறைந்த பிறகு, கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். விளைபொருள்களின் விலை வீழ்ந்து பண்ணை வருமானம் குறைந்திருந்ததும் அந்தப் பதவியை ஏற்க ஒரு காரணம். அங்கே ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் செய்முறை வகுப்புகளில் சேர வழிசெய்தார். மின்தடையின் அளவைத் துல்லியமாகக் கண்டறியும் பணியில், நைல் பயணத்தில் உடன்வந்த எலினாரும் அவரோடு சேர்ந்து உழைத்தார். ஐந்தே ஆண்டுகளில் பதவியை விட்டு டெர்லிங் திரும்பினார்.

டெர்லிங் ஆய்வுக்கூடம் ஒரு பிரபுவின் செல்வத்தைக் காட்டும் இடமாக இல்லை. அரக்கு, நூல், கண்ணாடிக் குழாய், மரத்துண்டு ஆகியவற்றை ஒட்டியும் கட்டியும் செய்த கருவிகளே அங்கு மிகுதி. பார்ப்பதற்கு அழகற்ற அந்தக் கருவிகள் வியப்பூட்டும் துல்லியத்தோடு அளந்தன. வேதியியல் முறையில் செய்த நைட்ரஜனைவிடக் காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் சுமார் 200இல் ஒரு பங்கு கனமாக இருப்பதை அவர் அங்குதான் கண்டார். பிறர் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்தச் சிறு வேறுபாட்டை அவர் விடாமல் துரத்தினார். வில்லியம் ராம்சேயும் அவரும் ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டறிந்தார்கள். அதற்காக 1904ஆம் ஆண்டு ரேலிக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

பெரிய சங்கின் ஒலியை ஆராயப் பெரிய கடல்வெளி வேண்டும். ரேலி அதை ஒரு மேசைமேல் ஆராயும் வழியைக் கண்டார். அலைநீளத்தைச் சிறிதாக்கினால் எல்லாவற்றையும் சிறிதாக்கலாம் அல்லவா? பறவைகளை ஈர்ப்பதற்கு வேடர்கள் ஊதும் சிறு சீழ்க்கைபோன்ற ஒன்றை எடுத்துக்கொண்டார். காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்னும் அளவுக்கு அதன் ஒலி உயர்ந்தது. அலைநீளம் சில சென்டிமீட்டரே. கேட்க முடியாத ஒலியை எப்படி அளப்பது? அதற்கு ஒரு வாயுச் சுடரைப் பயன்படுத்தினார். வாயுவின் அழுத்தத்தைச் சரியாக அமைத்தால் சுடர் உயரமாக, அமைதியாக எரியும். உயர்ந்த ஒலி பட்டவுடன் குட்டையாகிச் சீறும்.

1888ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் அவர் இதைச் செய்து காட்டினார். சீழ்க்கைக்கும் சுடருக்கும் நடுவே ஒரு வட்டத் தகட்டை வைத்தார். தகடு மறைக்கிறது, அதன் பின்னால் ஒலி வரக்கூடாது என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் தகட்டின் நேர் பின்னே, சரியாக நடுப்புள்ளியில் சுடர் சீறியது. சற்று நகர்த்தினால் அடங்கியது. வட்டத்தின் விளிம்பு முழுவதிலிருந்தும் வளைந்துவந்த அலைகள் நடுப்புள்ளியில் மட்டும் ஒன்றுகூடி வலுத்திருந்தன. ஒலி எந்த வழியில் செல்லும் என்பதைக் கண் முடிவு செய்யக்கூடாது, கணக்குதான் சொல்லவேண்டும் என்பதை அன்று அந்தச் சுடர் காட்டியது.

இந்த அறிவோடுதான் அவர் டிரினிட்டி ஹவுஸின் ஆலோசகர் ஆனார். ஒலி கடல்மீது இடமும் வலமும் அகலமாகப் பரவ வேண்டும். மேலே வானத்துக்குப் போவது வீண். இதற்குக் கூம்பின் வாய் எப்படி இருக்க வேண்டும்? கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். கிடைமட்டத்தில் அகலமாகவும் உயரத்தில் குட்டையாகவும் இருக்கவேண்டும் என்றே முதலில் தோன்றும். ரேலி நேர்மாறாகச் சொன்னார். வாய் நெட்டாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அகலம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றார்.

தகட்டுக் கணக்கை நினைத்தால் காரணம் புரியும். அலைநீளத்தைவிடப் பெரிய பக்கம் ஒலியைக் குவிக்கிறது. சிறிய பக்கம் ஒலியைப் பரவ விடுகிறது. சங்கு விநாடிக்கு 170 முறை அதிர்ந்தால் அலைநீளம் 2 மீட்டர். அகலம் அதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஒலி இடமும் வலமும் விசிறிபோல விரியும். உயரம் அதைவிடப் பன்மடங்கு இருந்தால் மேலும் கீழும் சிதறாமல் கடல்மட்டத்தை ஒட்டியே செல்லும்.

1901ஆம் ஆண்டு வைட் தீவின் செயின்ட் கேத்தரின் முனையில் பலவகைச் சங்குகளையும் கூம்புகளையும் வைத்துப் பெரிய சோதனை நடந்தது. ரேலியின் நீள்வட்ட வாய்க் கூம்பும் அவற்றுள் ஒன்று. கடல் ஆய்வுக்கூட மேசை அன்று. எதிர்க்காற்று ஒலி அலைகளை மேல்நோக்கி வளைத்துவிடும். காற்றின் வெப்பநிலை மாறினால் ஒலியின் பாதையும் மாறும். எந்தக் கூம்பாலும் இவற்றை வெல்ல முடியாது. ஆயினும் கூம்பின் வாயைப் பற்றிய கருத்து ஏற்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு கார்ன்வால் கரையிலுள்ள ட்ரெவோஸ் முனைக் கலங்கரை விளக்கத்தில் ரேலியின் முறைப்படி ஒரு பெரிய கூம்பு நிறுவப்பட்டது. அதன் நீளம் 36 அடி. வாய் 18 அடிக்கு 2 அடி. பக்கத்திலிருந்து பார்த்தால், நசுக்கப்பட்ட ஒரு மாபெரும் எக்காளம்போல இருக்கும் அந்தக் கருவி 1960களின் தொடக்கம்வரை கப்பல்களை எச்சரித்துக்கொண்டிருந்தது.

ரேலியின் முதுமைக் காலத்தில் கூம்புகள் கடற்கரையை விட்டு வீட்டுக்குள்ளும் நுழைந்தன. கிராமபோன்கள் கூம்பு வழியே பாடின. 1915ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மின்சாரத்தால் இயங்கும் கூம்பு ஒலிபெருக்கி பெருங்கூட்டத்துக்கு முன் ஒலித்தது. ஆனால் கூம்பின் உள்ளே நிகழ்வதை முழுமையாகக் கணக்கிட எவராலும் முடியவில்லை. தட்டையான தகட்டின் துண்டுகளைக் கூட்டுவது ஒன்று. உள்ளே வளைந்து விரியும் கூம்பில் முட்டித் திரும்பும் அலைகளைக் கூட்டுவது வேறு. அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர், கூம்பின் குறுக்குப் பரப்பு மாறும் விதத்தைக் கொண்டு ஒலியைக் கணக்கிடும் சமன்பாட்டை 1919ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒலிபெருக்கி செய்பவர்கள் இன்றும் அதைக் கொண்டே முதல் வடிவத்தைத் தீட்டுகிறார்கள்.

அதே 1919ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ரேலி டெர்லிங்கில் காலமானார். அப்போது அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். டிரினிட்டி ஹவுஸ் ஆலோசகர் பொறுப்பையும் இறுதிவரை விடவில்லை.

அவர் நைல் நதிப் படகில் தொடங்கிய நூல் இன்றும் அச்சில் உள்ளது. துண்டுகளாக வெட்டிக் கூட்டும் அந்த முறை ரேலி தொகையீடு என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அது பெரிய சுவரில் பதித்த தட்டைத் திறப்புக்கே முழுதும் பொருந்தும். கம்பத்தில் தனியே தொங்கும் கூம்புக்கு, முன்னால் செல்லும் ஒலியைப் பற்றி அது ஓரளவு சரியாகச் சொல்லும். பின்னால் செல்லும் ஒலியைப் பற்றிச் சொல்லாது. ஆகவே இன்றைய பொறியாளர்கள் கூம்பின் உட்புறம், வெளிப்புறம், விளிம்பு எல்லாவற்றையும் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் மற்ற ஒவ்வொரு துண்டையும் எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. ஓர் அதிர்வெண்ணுக்குச் செய்ததை அடுத்த அதிர்வெண்ணுக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். தாளும் பேனாவும் மட்டுமே வைத்திருந்த ரேலி, வட்டத் தகட்டோடு நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. ட்ரெவோஸ் முனையின் 36 அடிக் கூம்பையோ அவர் கணினி இல்லாமலேயே வடிவமைத்துவிட்டார்.